பெயர் வர நேரமாகும்

சேலம் அம்மாபேட்டையில் எனக்கு நாற்பது வருஷப் பழக்கமுள்ள நெசவாளர் ஒருவர் இருக்கிறார், வயது எண்பத்தொன்று. சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலை நான் போயிருந்தபோது, குழித்தறியில் தீர்ந்துபோன பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தார். வெண்பட்டு வேஷ்டிக்கான பாவு. ஆயிரக்கணக்கான இழைகளில் ஒவ்வொன்றையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரல்களுக்கு நடுவே ஒரு திருகு திருகி ஒட்டிவிட வேண்டும். ஓர் இழை இடம் மாறினாலும் நெய்யும்போது துணி காட்டிக்கொடுத்துவிடும். அவரோ கையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க, விரல்கள் தாமே இழையைத் தேடின, திருகின, விட்டன, அடுத்ததற்குப் போயின.

பேச்சு பழைய நாட்களுக்குத் திரும்பிற்று. இருபத்திரண்டு வருஷம் தமக்கு நூல் கொடுத்துக் கூலியும் கொடுத்த முதலாளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த மனிதரின் கடை இருந்த சந்து, அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் பட்டு நூலால் கட்டப்பட்டிருந்தது, தீபாவளிக் கணக்கு முடிக்கையில் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதும் வழக்கம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பெயர் மட்டும் வரவில்லை. "தொண்டையிலே நிக்குது தம்பி, வெளியே வரமாட்டேங்குது" என்றார். உள்ளறையிலிருந்து வந்த பேரன், "தாத்தாவுக்கு மறதி வந்துடுச்சுங்க" என்று எனக்குச் சமாதானம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளியே போனான். கிழவர் முகம் கொஞ்சம் வாடிற்று; கை நிற்கவில்லை. பிறகு நூல் விலையைப் பற்றியும் விசைத்தறியைப் பற்றியும் பேசிவிட்டு, நான் விடைபெற்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து குரல் வந்தது: முதலாளியின் பெயர், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு.

பேரன் சொன்னது சரியா என்ற கேள்வி அன்றைக்கு என்னோடு பஸ் ஏறி வந்தது. மறதி வந்துவிட்டது என்ற வாக்கியம் நம் வீடுகளில் வெகு சாதாரணமாக வழங்குகிறது. அறுபது தாண்டியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடினால் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அதே காரியத்தை முப்பது வயதுப் பிள்ளை செய்தால், பாவம், வேலைத் தொல்லை என்று விட்டுவிடுகிறோம். வயோதிகத்தில் மூளைக்கு என்னதான் நேர்கிறது என்பதை, வியாதிகளைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, சாதாரணமான, ஆரோக்கியமான மூப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால், சங்கதி நாம் நினைப்பதைவிடச் சிக்கலானது; என் அபிப்பிராயத்தில், நாம் நினைப்பதைவிட நல்லதும்கூட.

வளர்ந்த மனிதருடைய மூளை சுமார் 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது. சரீரத்தின் எடையில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கே தேறும் இந்த அவயவம், நாம் சும்மா உட்கார்ந்திருக்கையில் செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடுகிறது. நாற்பது வயதுக்குப் பிறகு அது மெல்ல மெல்லச் சுருங்கத் தொடங்குகிறது. பத்து வருஷத்துக்கு ஏறத்தாழ 5 சதவீதம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு, எழுபதுக்கு மேல் அது கொஞ்சம் வேகமெடுக்கவும் கூடும். மேற்பரப்பில் வரப்பும் வாய்க்காலுமாகக் கிடக்கும் மடிப்புகளில் வரப்பு மெலிகிறது, வாய்க்கால் அகலுகிறது. உள்ளே திரவம் நிறைந்த அறைகள் பெரிதாகின்றன. மொபெட்டிலிருந்து விழுந்ததற்காக ஸ்கேன் எடுத்துக்கொண்ட என் நண்பர் ஒருவர், அறிக்கையில் 'வயதுக்கேற்ற சுருக்கம்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கக் கண்டு இரண்டு இரவு தூங்கவில்லை. தலைமயிர் நரைத்திருக்கிறது என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால் எவ்வளவு பயப்பட வேண்டுமோ, அவ்வளவுதான் அந்த வரிக்கும் பயப்பட வேண்டும்.

ஆனால் இந்தச் சுருக்கம் எங்கும் ஒரே சீராக நிகழ்வதில்லை என்பதே முக்கியமான விஷயம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி, அதாவது திட்டமிடுவதும், இரண்டு காரியத்தை ஒருங்கே கவனிப்பதும், வேண்டாத எண்ணத்தை அடக்குவதும் ஆகிய பொறுப்புகளை ஏற்ற பகுதி, மற்றவற்றைவிட அதிகம் மெலிகிறது. புதிய அனுபவத்தை ஞாபகமாகப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு உறுப்பும் அப்படியே; கடற்குதிரையின் வடிவில் இருப்பதால் அதற்கு அந்தக் கிரேக்கப் பெயர். பின்மண்டையில் உள்ள, கண்ணில் விழும் பிம்பத்தை முதன்முதல் வாங்கிக்கொள்ளும் பகுதியோ அநேகமாக மாறுவதில்லை. இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருந்த பகுதி எதுவோ அதுவே முதலில் தளர்கிறது. குழந்தைப் பருவத்திலேயே முதிர்ந்துவிட்டது கடைசிவரை நிற்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பத்திரிகைகளில் ஒரு பயங்கரமான வாக்கியம் அடிக்கடி தலைகாட்டும்: மூளையில் தினந்தோறும் ஒரு லட்சம் அணுக்கள் செத்துப்போகின்றன, அவை மீண்டும் பிறப்பதில்லை. இந்த நம்பிக்கைக்கு வலுவூட்டியவற்றுள் ஒன்று 1955-இல் ஹரால்ட் பிராடி என்ற அமெரிக்கர் வெளியிட்ட கணக்கு. இறந்தவர்களின் மூளையைச் சீவி மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்த்து, முதியவர்களிடம் நரம்பணுக்கள் மிகவும் குறைந்துவிடுவதாக அவர் கண்டார். கணக்கில் அவர் பொய் சொல்லவில்லை. எண்ணும் முறையில்தான் கோளாறு. இளைஞனின் மூளைத் திசு மருந்தில் ஊறும்போது கிழவரின் திசுவைவிட அதிகமாகச் சுருங்குகிறது; சுருங்கினால் அணுக்கள் நெருங்கித் தெரியும்; நெருங்கித் தெரிந்தால் அதிகமாக இருப்பதுபோலத் தோன்றும். பின்னாளில் முழு மூளையையும் கணக்கிடும் திருத்தமான முறைகள் வந்தன. டென்மார்க்கில் பென்டே பாக்கென்பெர்க் என்ற அம்மையாரும் அவருடைய சகாவான குண்டர்சனும் 94 மூளைகளை அம்முறையில் ஆராய்ந்து 1997-இல் எழுதியபடி, இருபது வயதுக்கும் தொண்ணூறு வயதுக்கும் இடையே மூளையின் மேற்புறணியில் குறையும் நரம்பணுக்கள் சுமார் பத்தில் ஒரு பங்குதான். மொத்தத்தில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ள சொத்தில், எழுபது வருஷச் செலவு என்று பார்த்தால் அது ஊதாரித்தனமல்ல.

அணுக்கள் அவ்வளவாகச் சாகவில்லையென்றால் மூளை ஏன் சுருங்குகிறது? மாசி மாதத்து வேப்ப மரத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மரம் பட்டுவிடவில்லை, வேரும் அடிமரமும் அப்படியே இருக்கின்றன, தழைதான் குறைந்திருக்கிறது. நரம்பணுவும் மரத்தைப் போலவே கிளை விட்டு, கிளையில் முள்முள்ளாக முளை விட்டு, அந்த முளைகளின் வழியே பக்கத்து அணுக்களோடு சேதி பரிமாறிக்கொள்கிறது. மூப்பில் அணு சிறுக்கிறது, கிளை குறுகுகிறது, முளைகளில் பல உதிர்கின்றன. வேம்புக்குப் பங்குனியில் புதுத்தழை வந்துவிடுகிறது என்பதோடு உவமை முறிந்துபோகிறது. மூளையிலும் புதிய தொடர்புகள் உண்டாகத்தான் செய்கின்றன என்றாலும், இளமையின் செழிப்போடு அல்ல.

இன்னொன்று, கம்பிகளின் கதை. கிணற்று மோட்டார் எரிந்துபோய்க் காயில் கட்டக் கொண்டுபோன எந்தக் குடியானவருக்கும், செப்புக் கம்பியின்மேல் பூசிய காப்பு போய்விட்டால் மின்சாரம் ஒழுங்காக ஓடாது என்பது தெரியும். நரம்பு இழைகளின்மேலும் மயலின் என்ற கொழுப்புறை அப்படித்தான் சுற்றியிருக்கிறது. இந்த உறையணிந்த இழைகளின் பெருந்தொகுதி வெண்பொருள் எனப்படுவது. அது நாற்பதுகளில்தான் தன் முழு அளவை எட்டுகிறது என்பதைக் கேட்டு, அந்த வயதில் இருக்கும் வாசகர்கள் சற்றுச் சந்தோஷப்படலாம். அதற்குப் பிறகு உறை அங்கங்கே நைகிறது. சேதி போகிறது, ஆனால் முன்போல் பறந்து போகாமல் நடந்து போகிறது. டோபமைன் என்ற ரசாயனத் தூதனும் வயதோடு குறைகிறது. மூளைக்குப் போகும் ரத்த ஓட்டமும் சற்றுத் தணிகிறது. ஆழ்ந்த உறக்கத்தின் பங்கும் சுருங்குகிறது; கோழி கூவுமுன் எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வீட்டிலுள்ள மற்றவர்களின் தூக்கத்தையும் கலைக்கிற பெரியவர்களை நாம் எல்லாத் தெருக்களிலும் காண்கிறோம்.

இவற்றின் பலனாக முதலில் போவது வேகம். முதியவர்கள் பரீட்சைகளில் பின்தங்குவதன் பெரும் பகுதியை இந்த ஒரு மந்தமே விளக்கிவிடும் என்று டிமத்தி சால்ட்ஹவுஸ் என்ற உளவியல் நிபுணர் 1996-இல் வாதித்தார். அதற்கு ஆட்சேபங்கள் உண்டு. என்றாலும், நேரக் கெடு வைக்காமல் கேட்டால் அதே கேள்விக்கு அதே முதியவர் சரியான விடை சொல்வதை வீட்டிலேயே எவரும் பார்க்கலாம், பார்க்கப் பொறுமை இருந்தால். டெலிவிஷன் ஒரு பக்கம் அலற, பேரக்குழந்தை ஒரு பக்கம் இழுக்க, "மாத்திரை சாப்பிட்டீங்களா இல்லையா, சட்டுனு சொல்லுங்க" என்று மருமகள் மூன்றாவது பக்கத்திலிருந்து கேட்டால், முன்மூளை தளர்ந்த ஒருவர் விழிக்காமல் என்ன செய்வார்? பலவற்றில் ஒன்றை மட்டும் கவனித்து மற்றவற்றைத் தள்ளும் சாமர்த்தியமே குறைந்திருக்கிறது. டெலிவிஷனை நிறுத்திவிட்டுக் கேட்டால் போதும்.

அந்த முதலாளியின் பெயர் தொண்டையில் நின்ற காரணம் வேறு. கண்ணாடியும் பென்சிலும் கடைச் சந்தும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை இழுத்தால் மற்றொன்று வரும். பெயர் அப்படியல்ல. ஒருவர் வைத்தியர் என்று தெரிந்தால் மருந்து வாசனையும் நாடி பிடித்த கையும் ஊசி பயமும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவர் பெயர் சுப்பிரமணியம் என்பதற்கும் அவர் முகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஒற்றை இழைதான். அந்த ஒற்றை இழை நைந்தால் மாற்று வழி கிடையாது. டெபோரா பர்க் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1991-இல் காட்டியதும் இதைத்தான்: பொருள் அழியவில்லை, பொருளிலிருந்து ஒலிக்குப் போகும் பாதை பலவீனப்படுகிறது, அதுவும் மனிதர் பெயர்களில் முக்கியமாக. தேடுவதை விட்டபிறகு பெயர் தானாக வந்து விழுவதும் எல்லா நாட்டாருக்கும் பொதுவான அனுபவமே.

விரல்களின் ஞாபகமோ மூளையில் வேறோர் இலாகா. அது சிறுமூளையையும், பெருமூளையின் ஆழத்தில் உள்ள நரம்பு முடிச்சுகளையும் சார்ந்தது. ஹிப்போகேம்பஸின் தயவு அதற்கு அவ்வளவாகத் தேவையில்லை. புதுக் கைவேலையைக் கற்க முதியவருக்கு அதிக நாள் பிடிக்கும் என்பது மெய். அறுபது வருஷம் பழகிய வேலையை மூளை அவ்வளவு சுலபத்தில் கைவிடாது என்பதும் மெய். பேரன் தாத்தாவின் வாயை மட்டும் கேட்டான். கையைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருக்கக்கூடும்.

புத்தி என்பது ஒன்றல்ல, இரண்டு வகை என்று ரேமண்ட் காட்டெல் என்பவர் சொன்னதையும், அவர் மாணவர் ஜான் ஹார்ன் அதை விரிவுபடுத்தியதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்பின் கண்டிராத புதிரைச் சட்டென்று அவிழ்ப்பது ஒரு வகை. அது வாலிபத்திலேயே உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்குகிறது. சொல்வளம், உலக ஞானம், தொழில் நுணுக்கம் என்று சேர்ந்து உறைந்த புத்தி மற்றொரு வகை. அது அறுபதிலும் எழுபதிலும் நிலைத்து நிற்கிறது, சிலருக்கு வளரவும் செய்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாய் 1956-இல் தொடங்கி, அதே மனிதர்களை ஏழாண்டுக்கு ஒரு முறை மீண்டும் மீண்டும் பரீட்சித்த பிரசித்தி பெற்ற ஆராய்ச்சியில், அறுபதுக்கு முன் பெரும்பாலோருக்குப் பெரிய வீழ்ச்சி எதுவும் காணப்படவில்லை. மனிதருக்கு மனிதர் வித்தியாசமோ ஏராளமாக இருந்தது. ஸ்கேன் படங்களில் இன்னொரு விசித்திரம் தெரிகிறது. ஒரு வேலைக்கு இளைஞன் மூளையின் ஒரு பாதியை மட்டும் உபயோகிக்கையில், முதியவர்களில் பலர் இரண்டு பாதிகளையும் உபயோகிக்கிறார்கள். ஒற்றை மாட்டு வண்டி மேட்டில் திணறும்போது இரண்டாவது மாட்டையும் பூட்டிக்கொள்வதுபோல. இதை ராபர்டோ கபேஸா 2002-இல் ஒரு கோட்பாடாகவே வகுத்தார். இது சாமர்த்தியமா, தளர்ச்சியின் அடையாளமா என்று நிபுணர்கள் இன்னும் சண்டையிட்டுக்கொள்கிறார்கள். வண்டி மேடேறிவிட்டதா என்று கேட்பது என் சுபாவம்.

நாமக்கல் லாரி ஊர் என்பதை உலகமே அறியும். அங்கே பாடி கட்டும் பட்டறை ஒன்றின் வாசலில், எழுபத்தாறு வயதான ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவரோடு ஒரு மாலைப் பொழுது பேசிக்கொண்டிருந்தேன். முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டார் என்பதற்கு மருமகளைத்தான் கேட்க வேண்டும் என்று சிரித்த அவர், குவஹாத்தி வரை முப்பது வருஷத்துக்கு முன் ஓட்டிய வழியைச் சொல் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். விஜயவாடா, விசாகப்பட்டினம், கரக்பூர், சிலிகுரி என்று பெரிய ஊர்கள் மட்டுமல்ல. எந்தப் பாலத்துக்கு முன் கியர் மாற்ற வேண்டும், எந்த ரயில்வே கேட்டில் இரவு பன்னிரண்டுக்கு மேல் மாட்டிக்கொள்வோம், எந்தத் தாபாவில் ரசம் என்று கேட்டால் சிரிக்காமல் எதையாவது புளிப்பாகக் கொண்டுவருவார்கள் என்பது உட்பட, வரிசை தப்பாமல் வந்தது.

லண்டன் நகரத்து டாக்ஸி ஓட்டுநர்களைப் பற்றி எலினர் மக்வயர் என்ற விஞ்ஞானி 2000-இல் வெளியிட்ட ஆராய்ச்சியை அப்போது நினைத்துக்கொண்டேன். சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து பரீட்சை தேறினால்தான் அங்கே அந்த உத்தியோகம் கிடைக்கும். அவர்களுடைய ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. எத்தனை வருஷம் ஓட்டினார்களோ அத்தனைக்கு அது பெருத்திருந்தது. பெரிய ஹிப்போகேம்பஸ் உள்ளவர்கள்தாம் அந்த வேலைக்கு வந்தார்களோ என்ற நியாயமான சந்தேகத்துக்கும், பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே ஆட்களைப் படமெடுத்து 2011-இல் பதில் சொன்னார்கள்: பயின்று தேறியவர்களுக்குத்தான் வளர்ந்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்ட நம் முன்னோர்கள், முப்பதிலும் நாற்பதிலும் வளைகிறது என்ற அளவுக்காவது இதைக் கேட்டு மகிழ்ந்திருப்பார்கள். 2024-இல் அமெரிக்க மரணப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், டாக்ஸி ஓட்டியவர்களிடமும் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களிடமும் அல்ஸைமர் வியாதியால் நேரும் மரணம் மிகக் குறைவாக இருப்பதையும், ஒரே தடத்தில் போகும் பஸ் டிரைவர்களிடம் அந்த அனுகூலம் இல்லாததையும் கண்டார்கள். இது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நாமக்கல் டிரைவரிடம் இதைச் சொன்னேன். "இப்பத்த பசங்களுக்குப் போனு வழி சொல்லுதுங்க; அதுக்குத்தான் மூளை பெருக்கும்" என்றார்.

இந்தச் சேலம், ஈரோடு வட்டாரத்துக்கே உரிய இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு. கொஞ்சம் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டியவை. அந்நாளைய சேலம் ஜில்லாவின் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்து, சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917 முதல் 1919 வரை நகரசபைத் தலைமையும் வகித்த ராஜாஜி, தம் 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலுக்குச் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற 1958-இல் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது எண்பது. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி கேட்க வாஷிங்டன் சென்று கென்னடியைச் சந்தித்த 1962-இல் எண்பத்து மூன்று. பக்கத்து ஈரோட்டில் 1879-இல் பிறந்த பெரியார், 1973 டிசம்பர் 19-ஆம் தேதி தியாகராய நகரில் தம் கடைசிக் கூட்டத்தில் பேசியபோது தொண்ணூற்று நான்கு. ஐந்து நாளில் காலமானார். கொள்கையில் கடைசிவரை எதிரெதிராக நின்ற இரண்டு நண்பர்களுக்கும் அந்த வயதிலும் வாதம் செய்யத் தெம்பிருந்தது. இவர்களைக் காட்டி, நம் வீட்டுக் கிழவர் மட்டும் ஏன் இப்படி என்று கேட்பது அநியாயம்; மலையைக் காட்டிக் கரட்டைப் பழிப்பதற்கு அது ஒப்பாகும். தவிர, எண்பது வயதில் கட்சி தொடங்குவதற்கு வேண்டிய புத்தி வேறு, எண்பது வயதில் சேலம் ஐந்து ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு வேண்டிய புத்தி வேறு. முன்னது உறைந்த புத்தி, பின்னது சட்டென்று வேலை செய்யும் புத்தி. முன்னது இருக்கிறதென்று பின்னதிலும் துணிந்த பெரியவர்களை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன்.

ஒரே மாதிரிச் சுருங்கிய மூளையோடு ஒருவர் தெளிவாகவும் மற்றவர் தடுமாறியும் இருப்பது ஏன் என்பதற்கு, கையிருப்பு என்ற கருத்தை விஞ்ஞானிகள் கொண்டுவந்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் மூளைக்குக் கொடுத்த வேலை ஒரு சேமிப்பாக நிற்கிறது. பஞ்ச காலத்தில் அது உதவுகிறது. படிப்பு அந்தச் சேமிப்பில் ஒன்று என்பது பழைய சங்கதி. பன்மொழிப் பழக்கமும் அதில் சேரக்கூடும் என்பது நம் தேசத்திலிருந்தே வந்த சேதி. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி என்ற நரம்பியல் மருத்துவர், மறதி நோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013-இல் எழுதினார்: இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருஷம் தாமதித்து வந்திருந்தது, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்களிடத்திலும் இந்த வித்தியாசம் இருந்தது. மற்ற இடங்களில் செய்த ஆராய்ச்சிகள் எல்லாம் இதை ஒருமுகமாக ஆதரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வீட்டில் சௌராஷ்டிரமும், வீதியில் தமிழும், நூல் வாங்கும் இடத்தில் தெலுங்கும், சிலரிடம் கன்னடமும் பேசி வியவகாரம் நடத்துகிற சேலத்து நெசவாளர் தெருக்களில் நடக்கையில் எனக்கு அந்த ஹைதராபாத் கணக்கு ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

நடையும் ஒரு சேமிப்பு. 120 முதியவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தை வாரத்தில் மூன்று நாள் நாற்பது நிமிஷம் வேகமாக நடக்கவைத்து, ஒரு வருஷம் கழித்துப் பார்த்ததில், நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுடையது சுருங்கியிருந்தது என்று 2011-இல் ஒரு செய்தி வந்தது. பின்வந்த சோதனைகளில் இந்த அளவு பலன் எப்போதும் கிடைக்கவில்லை. நடப்பதால் நஷ்டமில்லை என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. காது கேளாமை மனிதரைப் பேச்சிலிருந்தே விலக்கிவிடுகிறது. கண் கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கப்படாத நாம் காதுக் கருவிக்கு மட்டும் ஏன் வெட்கப்படுகிறோம் என்பது எனக்கு விளங்காத ரகசியம். மறதி நோய்களில் ஏறத்தாழ 45 சதவீதத்துக்கு, மாற்றிக்கொள்ளக்கூடிய பதினான்கு காரணங்களோடு தொடர்பு உண்டென்று லான்செட் மருத்துவ சஞ்சிகையின் குழு 2024-இல் கூறியபோது, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காது கேளாமை மூன்றும் அப்பட்டியலில் இருந்தன.

எது மூப்பு, எது வியாதி? பெயர் தாமதித்து வந்தால் மூப்பு. வந்த பெயரைச் சொல்லியும் அது யார் என்று தெரியாவிட்டால் யோசிக்க வேண்டும். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லார் வீட்டிலும் நடப்பது; சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விழிப்பது அப்படியல்ல. ஒரே கேள்வியை அரை மணிக்குள் ஐந்து முறை கேட்பதும், பிறந்து வளர்ந்த தெருவிலேயே வழி தப்புவதும், நாற்பது வருஷம் எழுதிய சீட்டுக் கணக்கில் திடீரென்று குழம்புவதும் டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள். போனால் எல்லாம் தீராத நோயாகத்தான் இருக்கும் என்பதும் இல்லை. தைராய்டுக் குறைவு, பி-12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, ஒன்றோடொன்று ஒவ்வாத மாத்திரைகள், விழுந்த பின் தலைக்குள் மெல்லக் கட்டிய ரத்தம் இவையும் இதே வேஷம் போட்டுக்கொண்டு வரும். இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று அதிகமாக, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாகத் தேசிய அளவிலான மதிப்பீடு ஒன்று சொல்கிறது. சின்னத் தொகையன்று. ஆனால் கிழவரென்றால் புத்தி போனவர் என்று நினைக்க அதில் ஆதாரமில்லை. முதியோருக்கென்று தனி வைத்தியம் வேண்டும் என்பதே ஒரு புதுமையாக இருந்த 1978-இல், சென்னைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் வி.எஸ். நடராஜன் அதற்கென ஒரு புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது.

பரீட்சிக்கும் கேள்விகளிலும் ஒரு சங்கடம் உண்டு. மோகனூரில் காவிரிக் கரையோரம் வசிக்கும் என் சின்னம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. ஆடி மாதத்தில் ஒரு நாள், நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவளை அழைத்துப்போனோம். இளம் டாக்டர் நல்ல பிள்ளை. அச்சிட்ட தாளை வைத்துக்கொண்டு, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார். "நேத்துத்தானுங்க ஆடிப் பதினெட்டு, ஆத்துல அத்தனை கூட்டம். இன்னிக்குப் பத்தொம்பது" என்றாள். தாளில் இருந்த கட்டத்தில் ஆகஸ்டு என்றுதான் இருந்ததோ என்னவோ, அவர் பேனா தயங்கிற்று. நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடம் போகாதவள், "அது எதுக்குங்க சாமி?" என்று கேட்டாள். அதற்கும் மதிப்பெண் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களை எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் தராசில் நிறுக்கக்கூடாது என்பதை உணர்ந்துதான், மேரி கங்குலி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ஹரியானாவின் பல்லப்கர் கிராமத்தாருக்காக இந்தப் பரீட்சையை இந்தியில் உள்ளூர் வாழ்க்கைக்கேற்ப மாற்றி 1995-இல் வெளியிட்டார்கள். நமக்கு அண்டையில், கிருஷ்ணகிரி எல்லையைத் தாண்டினால் வரும் கோலார் ஜில்லாவின் சீனிவாசபுரத்தில், பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த மூளை ஆராய்ச்சி மையம் நாற்பத்தைந்து வயது கடந்த பதினாயிரம் கிராமவாசிகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் நோக்கத்தோடு ஓர் ஆய்வை நடத்திவருகிறது. ராகியும் மல்பெரியும் பயிரிடுகிற மனிதர்களின் மூளை எப்படி மூப்படைகிறது என்பதற்கு, சியாட்டில் கணக்கை நாம் இரவல் வாங்க வேண்டியிராத காலம் வரக்கூடும்.

சின்னம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். திரும்பும் வழியில் எனக்கு ஒரு யோசனை தோன்றிற்று. அவள் முப்பது வருஷம் சிறு கோழிப் பண்ணை வைத்திருந்தவள். ஓர் அட்டைக்கு முப்பது முட்டை.

"சின்னம்மா, பன்னண்டு அட்டை முட்டையிலே ஏழு ஒடஞ்சு போச்சுன்னா மிச்சம் எத்தனை?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்கவில்லையோ என்று நான் சந்தேகப்பட்டு, மறுபடி கேட்பதா வேண்டாமா என்று நினைத்துக்கொண்டிருக்கையில், கார் அணியாபுரத்தைத் தாண்டிற்று.

"முன்னூத்தி அம்பத்தி மூணு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அதெப்படி ஏழு ஒடையுது? அட்டையை எந்தக் கூறுகெட்டவன் தூக்குனான்?" என்றாள்.